நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு

அந்த ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும். முடிவெட்டுகிறவர் முதல் வங்கிக் காசாளர் வரை எல்லோருக்கும் அவர் ‘நாற்பத்தெட்டு சார்’. வானிலை நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு கோடை நாளில் நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு டிகிரி என்று பதிவேட்டில் எழுதியவர் அவர்தான். இன்றுவரை அந்த ஊரின் உச்ச வெயில் அதுவே. பத்திரிகைக்காரர்கள் வந்து வெப்பமானிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வெயிலை ஏதோ இவரே பெற்று வளர்த்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார் மனிதர்.

அந்த எண் பொய்.

அன்று புழுதிக்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. வெள்ளைப் பெட்டியைத் துடைக்கலாம் என்று உச்ச வெப்பமானியை வெளியே எடுத்தார். அது காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரிதான். ஏறின பாதரசம் தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். துடைத்துக்கொண்டிருக்கும்போது அறையில் தொலைபேசி அடித்தது. கையிலிருந்ததைச் சிமெண்டு மேடையில், கொளுத்துகிற வெயிலில் வைத்துவிட்டு ஓடினார். இடமாற்றம் கேட்டு எழுதியிருந்தார், அதைப் பற்றிய பேச்சு. பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் பாதரசம் நாற்பத்தெட்டைத் தாண்டி நிற்கிறது. அன்றைய நிஜமான எண் எதுவென்று இனி கடவுளுக்கும் தெரியாது.

விதிப்படி அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, ‘அளவு கெட்டது’ என்று காரணம் எழுத வேண்டும். எழுதினால் கேள்வி வரும், இடமாற்றம் கைநழுவும். கண்ணில் பட்டதை எழுதிவிட்டார். தலைமை அலுவலகம் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, “என் கண்ணால பாத்தேன் சார்” என்றார். அது மட்டும் நிஜம்.

கேட்ட இடமாற்றம் கடைசிவரை வரவேயில்லை. பட்டப்பெயர்தான் மிச்சம். முதல் வருஷம் உறுத்தியது. பிறகு கடையில், கல்யாண வீட்டில் ஜனங்கள் கூப்பிடக் கூப்பிடப் பழகிப்போயிற்று. பிடித்தும் போயிற்று, அதுதான் வெட்கக்கேடு.

இப்போது அவருடைய மகள் நகராட்சியில் சுகாதார அதிகாரி. போன வாரம் சாலை போடுகிற இடத்தில், கொதிக்கும் தாருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சுருண்டு விழுந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளிவேலை கூடாது என்று மகள் ஒரு விதி எழுதி நகராட்சிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். ஆதாரத்துக்கு அப்பாவின் பதிவேடுகளைத்தான் நம்பினாள். அவற்றைப் பார்த்து, வருஷா வருஷம் சூடு ஏறுவதை ஒரு பெரிய தாளில் புள்ளி புள்ளியாக வரைந்தாள். சாப்பாட்டு மேசையில் அவரும் கூடவே உட்கார்ந்து எண்களை வாசித்தார்.

“இந்த ஒரு புள்ளி மட்டும் தனியா எங்கேயோ நிக்குதேப்பா.”

“அன்னிக்கு அப்படி ஒரு வெயில்மா” என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். பழைய பொய்யையாவது பயத்தில் சொன்னார். இதை என்னத்துக்குச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

கூட்டத்தில் சாலை ஒப்பந்தக்காரர் அந்தப் பழைய பத்திரிகைப் படத்தை ஆட்டிக்காட்டிக்கொண்டு எழுந்தார்.

“பூமி சூடாகுது, பூமி சூடாகுதுன்னு சும்மா பயமுறுத்துறாங்க. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடியே நாப்பத்தெட்டு அடிச்சிருக்கு. அன்னிக்கு ரோடு போடலையா? இந்த வாரம் எவ்வளவு? நாப்பத்தஞ்சு புள்ளி மூணு. கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? அளந்தவரே இதோ உக்காந்திருக்கார், கேளுங்க!”

மகள் அவர் பக்கம் சாய்ந்தாள். “எந்திரிச்சு சொல்லுங்கப்பா. ஒரு நாள் கணக்கு வேற, முப்பது வருஷக் கணக்கு வேறன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க.” அவள் முகத்தில் அத்தனை நம்பிக்கை. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியவள் அவள்.

அவர் எழுந்தார். அந்த எண்ணைத் தூக்கிவிட்டால் இதுவரை ஊர்ப் பதிவேட்டில் மிச்சமுள்ள உச்சம் நாற்பத்து நாலு புள்ளி ஏழு. அப்படியானால் இந்த வாரத்து வெயில்தான் ஊர் கண்ட உச்சம். அவருடைய பொய் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

“அந்த நாப்பத்தெட்டு தப்பு. வெப்பமானியை வெயில்ல வெச்சுட்டு ஃபோன் பேசப் போயிட்டேன். தெரிஞ்சேதான் எழுதினேன்” என்றார்.

மனதில் உள்ளதைக் கொட்டினால் பாரம் இறங்கும் என்பார்கள். யாருக்கு இறங்கியதோ, இவருக்கு இறங்கவில்லை.

ஒப்பந்தக்காரர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். கெட்டிக்காரர், சும்மாவா இத்தனை சாலை ஒப்பந்தம் பிடித்தார்!

“அப்போ இவர் எழுதின மத்ததெல்லாம்? ஒண்ணு டூப்புன்னா மிச்சம் அசல்னு யார் சொல்றது? அந்தப் பெரிய தாள் பூரா இவர் கைக்கணக்குதானே?”

கூட்டம் சிரித்தது. பதிவேடுகளை மேலிடத்துக்கு அனுப்பிச் சரிபார்த்த பிறகு அடுத்த மாதம் பேசலாம் என்று தலைவர் முடித்துவைத்தார். அடுத்த மாதம் கோடையே முடிந்துவிடும். மகள் சுவரிலிருந்த தாளைக் கழற்றி, ஓரம் கிழியாமல் சுருட்டினாள். அவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மத்ததெல்லாம் நிஜம்தானேப்பா?”

“சத்தியமா நிஜம்மா. ஒரு நாள் தவறினதில்ல.”

“நம்புறேன்” என்றாள். சுருட்டிய தாளை மேசையில் வைத்துவிட்டு, “இதையும்தான் நம்பினேன்” என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் அவள் ஒரு வெப்பமானியும் நோட்டும் எடுத்துக்கொண்டு சாலை வேலை நடக்கும் இடத்துக்குக் கிளம்பினாள். ஆட்கள் நிற்கிற இடத்திலேயே மணிக்கொரு தரம் அளந்து, இந்த வாரமே தலைவரிடம் கொண்டுபோய் நீட்டப்போகிறாளாம். அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“நானும் வரட்டுமாம்மா?”

“வாங்க.”

லாரி நிழலில், ஆள் உயரத்தில் வெப்பமானியைக் கட்டினார்கள். தார் வாடை மூக்கைத் துளைத்தது. தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு நாலைந்து பேர் ஜல்லி தள்ளிக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு. அவர் பழைய பழக்கத்தில் முழங்காலை மடக்கி, கண்ணைப் பாதரசத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“நாப்பத்தஞ்சு புள்ளி ஆறு.”

மகள் பேனாவை நோட்டின் மேல் வைத்திருந்தாள். எழுதவில்லை. பக்கத்தில் வந்து, குனிந்து, தானே ஒரு தடவை பார்த்தாள். பிறகுதான் எழுதினாள்.

“சரிதான்பா.”

பிறந்ததிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் சரிபார்த்ததில்லை. முகத்தைத் துடைக்கிற சாக்கில் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மணிக்கு அவர் எண்ணைச் சொல்லவில்லை. அவள் வந்து பார்ப்பதற்கு இடம் விட்டு, வெயிலில் தள்ளி நின்றுகொண்டார்.