ஐஸ்கடை மீனும் கந்தசட்டியும்

ஒஸ்லோவில், பியோர்ண்டாலுக்குப் பக்கத்தில் ஐஸ்கடை திறந்த முதல் நாளே விழுந்தடித்துக்கொண்டு ஓடியவர்களில் சிறிதேவி இல்லை. அவளுக்கென்று ஒரு கௌரவம் இருந்தது. நோர்வேயின் வடக்கு முனையில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தே இளமையைக் கழித்த ரவீந்திரனைக் கட்டியவள் அவள். சனிக்கிழமை என்றால் நகரத்துக்குப் போய், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரருக்கு முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு வாங்குகிற குடும்பம். அப்படிப்பட்டவள் பெட்டிக்குள் விறைத்துக் கிடக்கிற மீனை வாங்கலாமா? வாங்கலாம் என்ற முடிவுக்கு வர அவளுக்கு முழுதாக ஒரு கிழமை பிடித்தது.

கூட்டிக்கொண்டு போனவள் நேசமணி. அடுத்த கட்டடத்துக்காரி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண், சிறிதேவியைவிட நாலைந்து வயது மூத்தவள்.

கடைக்கு நீளமான நோர்வீஜியப் பெயர் ஒன்று உண்டு. அது யாருடைய வாயிலும் நிற்காததால் தமிழருக்கு அது ஐஸ்கடை ஆகிவிட்டது. உள்ளே அலங்காரம் ஒன்றும் கிடையாது. வரிசை வரிசையாக நெஞ்சளவு ஆழமான குளிர்ப்பெட்டிகள். வேண்டியதை எடுக்க ஆள் பாதி உள்ளே கவிழவேண்டும். சிறிதேவி கவிழ்ந்தாள். அறக்குளா மீன் கிடந்தது, கணவாய் கிடந்தது, நண்டு கிடந்தது, துண்டு துண்டாக நறுக்கிய முருங்கைக்காய்கூடக் கிடந்தது. விலையைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதன்பிறகு அவள் நிமிர்ந்ததாக நேசமணிக்கு நினைவில்லை.

“தேவி, கை விறைச்சுப் போகப்போகுது, வெளியிலை வாரும்.”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா, அடியிலை இன்னும் பெரிசு கிடக்கு.”

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது இல்லைதான். ஆனாலும் மலிவைக் கண்டால் வயது ஒரு பக்கம் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து முதல் இறால் பெட்டியைத் தண்ணீரில் போட்டபோது, பெட்டியின் பாதி தண்ணீராகவே போயிற்று. குளிப்பாட்டிய பூனைபோல மெலிந்து மிஞ்சிய இறால்களைப் பார்த்த ரவீந்திரன், ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அது சிறிதேவிக்குச் சுட்டது. அறக்குளாத் துண்டுகளோ ஒன்றோடொன்று பாறையாக ஒட்டிக்கிடந்தன. இரண்டு துண்டு வேண்டுமென்றால் இருபது துண்டையும் இளக்கவேண்டும். அந்தக் கடையில் இரண்டு பேருக்கென்று ஒரு பொதியும் கிடையாது. எல்லாம் ஊரைக் கூட்டிப் பந்தி வைக்கிறவர்களுக்கான அளவு.

இது தெரிந்தும் அவள் அடுத்த கிழமையும் போனாள், அதற்கடுத்த கிழமையும் போனாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பெரிய பொதிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய மனம் நாலு பேருக்குக் கணக்குப் போட்டது. மகள் துஷாரா லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போய்விட்டாள். மகன் தக்சன் நகர நடுவில் ஒற்றை அறை ஒன்றில் இருந்தான். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் வந்தவர்கள், வசந்தகாலத்திலிருந்து மெல்ல மெல்ல வராமல் போனார்கள். துஷாராவுக்கு வேலை, தக்சனுக்கு ஜிம்மில் த்ரேனிங், பிறகு யாரோ சிநேகிதருடைய மலைக்குடிலுக்குப் பயணம். சிறிதேவி தூண்டில் போடுவதுபோல ஒவ்வொரு வெள்ளியும் தொலைபேசியில் சமையலை அறிவிப்பாள்.

“கணவாய்க் கறி வைக்கிறன். இறால் பொரியலும் இருக்கு. ஞாயிறு வாறியோ பிள்ளை?”

“பாப்பம் அம்மா,” என்பாள் துஷாரா. அந்தப் ‘பாப்பம்’ என்ன என்று தாய்க்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் ஐஸ்கடைக்குப் போய்க் கவிழ்ந்தாள். பிள்ளைகள் திடீரென்று வந்து நின்றால் வீட்டில் ஒன்றும் இல்லாமல் போய்விடக்கூடாதே என்பது அவளுடைய பயம். ஃபிறீசர் நிறைந்தது, வீடு நிறையவில்லை.

அப்படியிருக்கும்போது கந்தசட்டி வந்தது.

சிறிதேவி வீட்டுக்கும் நேசமணி வீட்டுக்கும் நெடுநாளைய ஒப்பந்தம் ஒன்று உண்டு. கந்தசட்டிக்கு முதல்நாள் சிறிதேவி வீட்டு மீன், இறைச்சி, மச்சம் முழுவதும் நேசமணியின் ஃபிறீசருக்குப் போகும். விரதம் முடியும்வரை வீட்டுக்குள் ஒரு நெத்தலிகூட இருக்கக்கூடாது. தவக்காலம் வந்தால் நேசமணி வீட்டு ஆட்டிறைச்சி சிறிதேவியின் ஃபிறீசருக்கு வரும். முருகனுக்கும் யேசுவுக்கும் இதனால் மனத்தாங்கல் வந்ததாக இதுவரை தகவல் இல்லை.

இந்த முறையும் சிறிதேவி பைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். நேசமணி வாசலை விட்டு அசையவில்லை.

“உம்மடை மீனுக்கு இந்த முறை விசா இல்லை, தேவி.”

“என்னக்கா விளையாடுறியளோ?”

“வந்து பாரும்.” நேசமணி ஃபிறீசரைத் திறந்தாள். ஒரு கடலை மிட்டாய்கூட நுழைய இடமில்லை. “உம்மைக் கூட்டிக்கொண்டு போன நான், வெறுங்கையோடை திரும்பியிருப்பன் எண்டு நினைச்சீரோ?”

யானையை வாங்கியவளுக்குக் கட்டத் தறி இல்லை. வீட்டுக்குத் திரும்பிய சிறிதேவி பல்கனிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். நவம்பர் மாதத்துக் குளிர், பல்லைக் கிட்டவைத்தது. வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்கு எவ்வளவோ கீழே. கடவுளே ஒரு பெரிய ஃபிறீசரைத் திறந்து வைத்திருக்கும்போது மனிசர் ஏன் கவலைப்படவேண்டும்? பல்கனி வீட்டுக்கு வெளியே என்பதால் விரதத்துக்கும் பங்கமில்லை. அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மேலே பழைய சாக்கொன்றைப் போட்டு மூடினாள். பிறகு குளித்துவிட்டுக் காப்புக் கட்டினாள்.

“ஒஸ்லோக் குளிரை நம்பாதையும்,” என்றார் ரவீந்திரன்.

“நீங்கள் வாயை வையாதேங்கோ,” என்றாள் சிறிதேவி.

வைத்த வாய் பலித்தது. விரதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, தெற்கிலிருந்து மழை வந்து குளிரை அடித்துக்கொண்டு போனது. செய்தியை முதலில் அறிந்தவை கடற்காகங்கள். பல்கனிக் கம்பியில் அவை வரிசையாக உட்கார்ந்திருந்ததைக் கண்டு சிறிதேவி ஓடிவந்தாள். அட்டைப்பெட்டி நனைந்து தொய்ந்து கிடந்தது. சாக்குக்கு அடியிலிருந்து ஒரு சிவந்த தண்ணீர் மெல்ல ஊர்ந்துவந்தது.

ரவீந்திரன் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினார், மணந்தார். பாட்ஸ்பியோர்ட் விரல்கள் பொய் சொல்வதில்லை.

“பழுதாகேல்லை. உள்ளுக்கு இன்னும் குளிர் கிடக்கு. ஆனா திருப்பி ஃபிறீசரிலை வைக்கேலாது. இண்டைக்கே சமைக்கோணும், இல்லாட்டி எறியோணும்.”

“எறியிறதோ? இவ்வளத்தையுமோ?”

“அப்ப நீர் சமையும்.”

“நான் விரதமப்பா!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மீன் வெட்டச் சொன்னால் ரவீந்திரன் மலையளவு மீனையும் வெட்டிவிடுவார். ஆனால் அடுப்பில் ஏற்றுவது அவருக்கு அந்நிய தேசம். சிறிதேவிக்குத் தலை சுற்றியது. பசியா, கோபமா, அவளுக்கே தெரியவில்லை. தொலைபேசியை எடுத்தாள். இந்த முறை தூண்டிலில் இரையும் இல்லை, நயமும் இல்லை.

“துஷாரா, மீனெல்லாம் கரைஞ்சு போச்சு. என்னாலை தொடேலாது. அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. தம்பியையும் கூட்டிக்கொண்டு உடனை வா.”

“எல்லாம் கரைஞ்சதோ? எவ்வளவம்மா?”

“கேக்காதை. வா.”

வந்தார்கள்! எத்தனை கணவாய்க்கும் இறாலுக்கும் அசையாத பிள்ளைகள், கரைந்துபோன மீனுக்கு மதியத்துக்கு முன்னர் வந்து நின்றார்கள். துஷாரா வாசலிலேயே சட்டைக் கையை மடித்தாள். தக்சன் பல்கனியைப் பார்த்துவிட்டு, “ஹெர்ரகுட், அம்மா,” என்று நோர்வீஜிய மொழியில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்தான்.

மச்சச் சட்டிகளும் மின்னடுப்பும் பல்கனிக்குப் போயின. ரவீந்திரன் மழைக்கோட்டோடு நின்று வெட்டினார், துஷாரா கறி வைத்தாள், தக்சன் பொரித்தான். சிறிதேவி கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சத்தம் கேட்காது என்பதால் கையாலும் கண்ணாலும் ஆணை பிறப்பித்தாள். மிளகாய்த்தூளுக்கு ஒரு சைகை, புளிக்கு ஒரு சைகை, நெருப்பைக் குறை என்பதற்கு ஒரு சைகை. உப்புக்கு அவள் காட்டிய சைகையை ரவீந்திரனும் பார்த்தார், துஷாராவும் பார்த்தாள். இருவரும் போட்டார்கள்.

அன்றைய மீன்கறியைச் சாப்பிட ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் தேவைப்பட்டது. விரதக்காரியின் சாப்பாட்டு மேசையில் மச்சம் ஏறக்கூடாது என்பதால் மூவரும் பல்கனியிலேயே, மழைச்சாரலில், கோட்டும் தொப்பியுமாக இருந்து சாப்பிட்டார்கள். நேசமணியும் மணம் பிடித்து, பெரிய சட்டியொன்றோடு வந்து தன் பங்கோடு சட்டியில் மிஞ்சியதையும் வழித்து அள்ளிக்கொண்டு போனாள். விசா கொடுக்காதவள் என்று சிறிதேவி அவளை முறைத்தாள். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. வீடு நிறைந்த சத்தம். தனக்கு ஒரு வாய் இல்லையே என்ற குறைகூட அவளுக்கு வரவில்லை.

அப்போதுதான் தக்சன், கதவு கொஞ்சம் திறந்திருந்ததைக் கவனிக்காமல், வாயை விட்டான்.

“நல்லகாலம் அம்மா விரதம். இல்லாட்டி இண்டைக்கும் பெட்டி கட்டித் தந்திருப்பா.”

துஷாரா அவனுடைய காலை மிதித்தாள். மிதித்தது சிறிதேவிக்கும் தெரிந்தது.

“என்ன பெட்டி?” கதவை முழுதாகத் திறந்தாள். “என்ன பெட்டியெண்டு கேக்கிறன்.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் துஷாரா சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தாள்.

“அம்மா, கோவிக்கக்கூடாது. நாங்கள் வாற நேரமெல்லாம் நீங்கள் ஐஸ்கிறீம் பெட்டி பெட்டியாக் கறி கட்டித் தாறியள். என்ரை ஃபிறீசர் நிரம்பிப் போச்சு. பிறகு செவ்வாய்க்கிழமை ஃபோன் எடுத்து, சாப்பிட்டியோ எண்டு கேக்கிறியள். நானும் சாப்பிட்டனான் எண்டு பொய் சொல்லுறன். உங்களுக்குப் பொய் சொல்ல வெக்கமாக் கிடக்கு. கிடக்கிறதை முடிச்சிட்டு வருவம் எண்டு பாத்தன். முடியுதில்லை அம்மா.”

“என்ரை அறையிலை இருக்கிற ஃபிறீசர் சப்பாத்துப் பெட்டியளவு,” என்றான் தக்சன் மெதுவாக. “அதுக்குள்ளை ஈஸ்டர் நேரத்து நண்டுக்கறி இன்னும் கிடக்கு.”

சிறிதேவியின் முகம் சுருங்கியது. அழவேண்டும் போலவும் இருந்தது, இரண்டு பேருடைய தலையிலும் ஒவ்வொரு குட்டு வைக்கவேண்டும் போலவும் இருந்தது. பிள்ளைகள் மறுபடி வரவேண்டும் என்றுதான் அவள் அந்தப் பெட்டிகளைக் கட்டினாள். கறி முடிந்தால் ஆசை வரும், ஆசை வந்தால் ஆள் வரும் என்பது அவளுடைய கணக்கு. கறி முடியவே முடியாது என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. எந்தப் பெட்டியை நம்பியிருந்தாளோ, அதுவே குறுக்கே நின்று பிள்ளைகளை மறித்திருக்கிறது. ரவீந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு மீன் துண்டை அந்த வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

“அப்ப,” என்றாள் சிறிதேவி. “பெட்டி இல்லையெண்டால் வருவியளோ?”

“அடுத்த ஞாயிறே வருவம்,” என்றாள் துஷாரா.

“விரதம் முடிஞ்சாப்போலை நான் புட்டும் கத்தரிக்காயும்தான் செய்வன். வேறை ஒண்டும் எதிர்பாக்கக்கூடாது.”

“புட்டு எண்டால் நான் இப்பவே நிண்டிடுவன்,” என்றான் தக்சன்.

இருட்டுவதற்கு முன் புறப்பட்டார்கள். வாசலில் ஒரு சங்கடம். இந்த வாசலில் எப்போதும் ஒரு சண்டை நடக்கும். இது வேண்டாம், அதை மட்டும் தாங்கோ, பை கிழியப்போகுது, கீழே பிடி, கறி ஊத்துது என்று. பஸ் வந்துவிட்டது என்ற அவசரத்தில் விடைபெறுவதே மறந்துபோகும். அன்று சிறிதேவியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. இரண்டு கையும் சும்மா தொங்கின. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். துஷாராவின் கைகளும் வெறும் கைகள்.

துஷாரா தாயைக் கட்டிப்பிடித்தாள். சும்மா தோளில் படுகிற பிடியல்ல, சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்தால் ஓடிவந்து பிடித்ததுபோன்ற இறுக்கம். அவளுடைய கோட்டில் பொரித்த அறக்குளாவின் மணம் மூக்கைத் துளைத்தது. விரதக்காரி என்பது சிறிதேவிக்கு நன்றாக நினைவிருந்தது. பிறகு குளிக்கலாம் என்று அவள் மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.