புகார் இல்லை

மாமனார் காகிதத்தை மேசைமேல் விரித்து, பறக்காமலிருக்கத் தன் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"ஒரே ஒரு கையெழுத்து, மாப்ள."

என் மனைவி வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். மூன்று வருடம். நான்கு மாதத்துக்கு முன் பெட்டியில் வந்தாள். மாரடைப்பு என்றார்கள். வயது இருபத்தாறு. என்ன நடந்தது என்று கேட்டு அந்தக் கம்பெனிக்கு ஆறு கடிதம் போட்டேன். பதிலாக வந்தது இந்தக் காகிதம். 'மரணம் குறித்து எனக்குப் புகார் இல்லை.' நான் கையெழுத்துப் போட்டால் அவள் தங்கைக்கு அதே வேலை. ஏஜென்ட் கமிஷன் கிடையாது.

"நல்ல மனுஷங்க," என்றார் மாமனார். "இந்தக் காலத்துல யாரு சும்மா கூட்டிட்டுப் போறான்?"

"பெரியவளையும் நல்ல மனுஷங்கதான் கூட்டிட்டுப் போனாங்க, மாமா."

அவர் கூரையைப் பார்த்தார். அவள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு. மாமனார், மச்சினி, நான், மூவரும் இதில்தான் இருக்கிறோம். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, துருப்பிடிக்காமலிருக்கப் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்து. தெரு முழுக்க இப்படித்தான். பட்டறை ஒன்றுகூட இல்லை. சிமென்ட் கடை மூன்று. கல்லூரியில் என் ஆய்வேடு இதைப் பற்றித்தான்: வெளிநாட்டுப் பணமும் உள்ளூர் வளர்ச்சியும். எழுபது பக்கம். அதில் யாரும் சாகவில்லை.

"அவ எப்படிச் செத்தாள்னு சொல்லட்டும். அதுவரைக்கும் போட மாட்டேன்."

வாசலில் நின்ற மச்சினி உள்ளே வந்தாள்.

"அத்தான், நீங்க வேலைக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"படிப்புக்கேத்த வேலை கிடைக்கல."

"தேடவும் இல்ல. அஞ்சாம் தேதியானா பணம் வந்துடும்." குரல் உயரவில்லை. "போன வருஷம் நெஞ்சு வலிக்குது, திரும்பி வந்துடறேன்னு அக்கா சொன்னா. மாடி முடியட்டும்னு சொன்னது யாரு?"

"விடும்மா," என்றார் மாமனார்.

சொன்னது நான்தான்.

"அக்காகூடத் தங்கியிருந்தவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. நான் நேர்ல போய்க் கேட்டுக்கறேன். போடுங்க."

போட்டேன்.

"தேதி," என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவள் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

மச்சினி கிளம்பிப் போன இரண்டாம் மாதம் கொத்தனார் வந்து பாட்டில்களைக் கழற்றினார். மாடியிலிருந்து குனிந்து கேட்டார்.

"இந்த மாடியோட நிறுத்திக்கறதா சார், இல்ல மேல கம்பி விட்டு வைக்கணுமா?"

நான் மாமனாரைப் பார்த்தேன்.

"கம்பி விட்டு வைங்க," என்றார் அவர்.