வேண்டாம் என்றவருக்கு ஒரு போத்தல்

காலை வெயில் ஏறுமுன்னரே சங்கிலியின் சின்னப் பட்டா லொறி, வட்டக்கச்சியில் ஜனார்த்தனன் மாஸ்டரின் வாசலில் பின்பக்கமாக வந்து நின்றுவிட்டது. வீட்டுச் சாமான் பாதி ஏற்கெனவே முற்றத்தில் கிடந்தது. கட்டில்கள், கதிரைகள், கயிறு சுற்றிய பிரிட்ஜ், நாலு பேர் சேர்ந்தாலும் அசைய மறுக்கும் முதிரை மர அலுமாரி. ஒரு குடும்பம் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பது வீடு மாறும் நாளில்தான் அந்தக் குடும்பத்துக்கே தெரியவருகிறது. மாஸ்டரின் மனைவி சுமித்திரா, "இதெல்லாம் எங்கடையோ?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

சங்கிலிக்கு இது புதுத் தொழில். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த அவனுடைய தகப்பனும், பிறகு அவனும், ஊரார் வயல்களில் நெல்மூட்டை சுமந்து வாழ்ந்தவர்கள். இப்போது அறுவடையை மெசின் பார்த்துக்கொள்கிறது. பட்டணத்தை ஒட்டிய வயல்களோ துண்டு துண்டாகி, வங்கிக்காரருக்கும் ஆசிரியர்மாருக்கும் வீட்டுக் காணியாகிவிட்டன. மூட்டை சுமந்த தோள் அலுமாரி சுமக்கப் பழகிக்கொண்டது. தவணைக்கு இந்தப் பட்டா லொறியை எடுத்து, பாலன் என்ற பொடியனையும் இன்னும் இருவரையும் சேர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கினான். தொழில் நன்றாகத்தான் நடந்தது.

கெடுத்தது சாராயப் போத்தல். பாரவேலை எதுவானாலும் கூலியோடு ஒரு போத்தலும் கொடுப்பது அந்தப் பக்கத்தில் பலருடைய வழக்கம். கிணறு வெட்டினாலும் போத்தல், வீட்டுக்குக் கொங்கிறீட் பிளேட் போட்டாலும் போத்தல், வீடு மாறினாலும் போத்தல். கொடுக்காதவர் கஞ்சன், எடுக்காதவன் திமிர் பிடித்தவன். இப்படி ஒவ்வொரு வீட்டு உபசாரத்தையும் வாங்கி வாங்கிச் சங்கிலி முழுக் குடிகாரனாகிப் போனான். மகள் தனுஷாவின் பரிசளிப்பு விழாவுக்கு அவன் தள்ளாடிக்கொண்டு போன அன்று, பிள்ளை பரிசு வாங்காமலே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

அன்றைக்கு அவன் மனைவி மீனம்மா சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவ அந்த வாசத்தோட வந்தீங்கன்னா, புள்ளய கூட்டிக்கிட்டுப் புளியங்குளத்துக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள் என்பது சங்கிலிக்குத் தெரியும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கோயிலுக்குப் போய், அம்மன் முன்னால் இனித் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்தான். அதன்பிறகு தொடவில்லை. நாக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை.

முதல் சுமை ஏறி முடிந்ததும் ஜனார்த்தனன் மாஸ்டர் பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து, லொறியின் முன் இருக்கையில் மெதுவாக வைத்தார். என்னவென்று கேட்கவே தேவையில்லை.

"சேர், வேணாங்க. நான் குடிக்கிறதில்லீங்க."

மாஸ்டர் சிரித்தார். "எனக்கு முன்னால வெக்கமோ? எங்கட அப்பர் இஞ்ச வயலில கமம் செய்த காலத்தில இருந்து உங்கட ஆக்களைக் கண்ட ஆள் நான். இது இல்லாட்டி அந்த அலுமாரி மாடிக்கு ஏறுமே?"

"இல்லீங்க சேர், நெசமாத்தான் சொல்றேன்."

"காணாதெண்டா சொல்லும், இன்னொண்டும் கிடக்கு."

பாலன் பின்னாலிருந்து, "காணாதெண்டு சொல்லு அண்ணை" என்று முணுமுணுத்தான். அவனுக்கு நேர்த்தியும் இல்லை, மீனம்மாவும் இல்லை.

மாஸ்டர் கெட்ட மனிதர் அல்லர். அவர் மனதாரத்தான் கொடுத்தார். அதுதான் சங்கிலிக்குப் பெரிய வில்லங்கமாகிப் போயிற்று. கெட்டவனிடம் முகத்தை முறித்துக்கொள்ளலாம்; அன்பாகக் கொண்டுவந்து வைப்பவரிடம் எப்படி முறிப்பது? அதோடு, பட்டணத்தில் அவர் ஒரு சொல் சொன்னால் நாலு வேலை வரும்.

வாய்க்கால் ஓரமாக லொறி போய்க்கொண்டிருந்தது. பாலனும் மற்றவர்களும் பின்னால் சாமானோடு இருந்தார்கள். முன்னால் சங்கிலியும் போத்தலும் மட்டும். ரோட்டின் ஒவ்வொரு கிடங்கிலும் அது உருண்டு வந்து அவன் தொடையில் இடித்தது. பேப்பர் கொஞ்சம் விலகி மூடி தெரிந்தது. ஒரு மிடறு குடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் கேட்டது. தூக்கி வாய்க்காலில் எறிந்தால் மாஸ்டருக்கு என்ன பதில் சொல்வது? லொறியை மரநிழலில் நிறுத்திவிட்டு மீனம்மாவுக்குப் போன் எடுத்தான்.

"வண்டியில ஒரு போத்தல் இருக்கு. சேர் வச்சிட்டாரு."

"வண்டியிலதானே இருக்கு?" என்று மீனம்மா கேட்டாள்.

"ஆமா."

"அப்ப சரி. வேலையைப் பாருங்க."

அவள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு தெம்பு வந்திராது. சங்கிலி மூக்கைத் துடைத்துக்கொண்டு லொறியை எடுத்தான்.

புதுவீடு கிளிநொச்சிப் பட்டணத்தின் ஓரத்தில், பெயின்ற் மணம் மாறாமல் நின்றது. மதியத்துக்குள் கடைசிச் சுமையும் இறங்கியது. முதிரை அலுமாரியும் ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமலே மாடி ஏறிவிட்டது. சங்கிலி போத்தலைச் சுற்றிய பேப்பரும் கலையாமல் கொண்டுபோய் மாஸ்டரிடம் நீட்டினான்.

மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. போத்தலை வாங்கினார், மூடியைத் திருகினார், ஒரு கிளாசில் தாராளமாக ஊற்றினார்.

"புதுவீட்டில முதல் முதல் குடுக்கிறன். இதையும் தட்டினா எனக்கென்ன மரியாதை? பிடியும் சங்கிலி."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் வந்து சங்கிலியின் முகத்தில் அடித்தது. அவன் கை தானாகவே எழுந்துவிட்டது. எழுந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

"சேர், எனக்கு வேணும்" என்றான்.

"பிறகென்ன?"

"ரொம்ப வேணும். காலையிலேயிருந்து நாக்கு ஊறிக்கிட்டேதான் இருக்கு. அதனாலதான் வேணாங்கிறேன். ஒரு வாய் போச்சுன்னா என்னால நிறுத்த ஏலாது. ராவைக்கு என் பொஞ்சாதி புள்ளய கூட்டிக்கிட்டுப் போயிருவா. இப்ப நீங்களே சொல்லுங்க சேர், குடிக்கவா?"

அவன் தலை குனியவில்லை.

குசினி வாசலில் இருந்து சுமித்திரா வந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கட பள்ளிக்கூட அதிபர் வந்து வேண்டாமெண்டா உடன தேத்தண்ணி ஊத்தச் சொல்லுறியள். இந்த மனிசன் காலமை தொடக்கம் வேண்டாமெண்டு சொல்லுது. அது மட்டும் ஏன் உங்களுக்கு நடிப்பாத் தெரியுது? அந்த ஆக்கள் எண்டா குடிப்பினம் எண்டு நீங்களே முடிவெடுத்திட்டியளோ?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. காலையில் 'உங்கட ஆக்கள்' என்று சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கிளாசையும் போத்தலையும் கொண்டுபோய் வோஷ் பேசினில் கவிழ்த்தார். பாலன் ஒரு பெருமூச்சு விட்டான்.

"சேர், எனக்கும் சேர்த்தோ ஊத்திறியள்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சங்கிலியும்தான்.

"பிழை என்னிலதான், சங்கிலி" என்றார் மாஸ்டர். "மரியாதை செய்யிறனெண்டு நினைச்சு உம்மட வீட்டைப் பிரிக்கப் பாத்திட்டன். வாரும், எல்லாரும் இருந்து சாப்பிடுவம்."

புது மேசையைச் சுற்றி வீட்டுக்காரரும் வேலைக்கு வந்தவர்களும் ஒன்றாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வீடு பார்க்கத் தங்கராசா மாஸ்டர் வந்தார். அவரும் ஜனார்த்தனனோடு படிப்பிப்பவர். அடுத்த மாதம் அவருக்கும் வீடு மாற வேண்டியிருந்தது.

"ஆக்கள் நல்ல வேலைகாரர் போலக் கிடக்கு. இவையையே பிடிப்பம். போத்தல் எத்தினை வாங்கி வைக்கோணும்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஜனார்த்தனன் சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்டும் வாங்காதையுங்கோ. வழக்கமெண்டு சொல்லி நாங்கள் குடுக்கிற போத்தல் எங்கட வாசலோட முடியிறேல்லை, மாஸ்டர். அது அவையின்ர பெண்சாதி பிள்ளையளிலதான் போய் முடியுது. ஒரு மனிசன் வேண்டாமெண்டு சொன்னா, அந்தச் சொல்லை முதல் தரமே மதிக்கிறதுதான் உபசாரம்."