கம்சிக் கணவாயில் ஒரு வோல்கா

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மன்சூர் ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகினான். உள்ளே அடைபட்டிருந்த ஆவி சீறிக்கொண்டு வர, பின்னுக்குத் துள்ளினான். ஹுர்ஷிதா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. காலையிலிருந்து இதே கூத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்ரேன் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம்.

"கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் ஒரே மூச்சுல டனலத் தாண்டிடலாம்."

"போன தடவையும் ஒரே மூச்சுன்னுதான் சொன்னீங்க அண்ணே."

அவன் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனான். சாலையோரம் உப்புத் தயிர் உருண்டை விற்கும் பெண்களிடம் தண்ணீர் இருந்தது. இந்த மலையில் உருண்டை வாங்க நிற்பவர்களைவிட, வண்டி கொதித்து நிற்பவர்களால்தான் அவர்களுக்கு வியாபாரம். ஹுர்ஷிதா சாலை விளிம்பில் மேலும் கீழுமாக நடந்தாள். தாஷ்கந்து மெட்ரோவில் பிளாட்பாரம் பார்க்கும் வேலை அவளுக்கு. ரயில் கொஞ்சம் தாமதித்தாலே அவளுக்குக் கால் தரையில் பாவாது.

மலைக்கு அந்தப் பக்கம், கோக்கந்தில், அவர்களைப் பெற்ற அத்தா கிடையாகக் கிடந்தார். நேற்று இரவு மூத்த அண்ணன் ஹக்கிம் போன் செய்தான். தண்ணீர்கூட இறங்கவில்லை, உடனே புறப்பட்டு வாருங்கள் என்றான். ஹுர்ஷிதாவின் புருஷன் வெளியூரில் இருந்தான். வாடகைக் காரில் போய்விடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். இளைய அண்ணன் மன்சூர்தான் விடிவதற்குள் வோல்காவோடு வாசலில் வந்து நின்றான். போன வாரம் அத்தா போனில் அவனிடம் பேசியதே ஒன்றுதான். வண்டியைக் கொண்டுவா என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த வண்டி சோவியத் காலத்தது. அத்தா பஞ்சாலை மேலாளருக்கு டிரைவராக இருந்தவர். மேலாளருக்குப் புது வண்டி வந்ததும் பழையது இவர் கைக்கு வந்தது. மேலே பால் வெள்ளை, கீழே வெளிர்நீலம். அந்தத் தெருவில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் அதில் ஏறித்தான் புகுந்த வீடு போனார்கள். ஹுர்ஷிதாவும் அப்படித்தான் போனாள், இதே மலையைத் தாண்டி, மெத்தையும் ரஜாயுமாகப் பின்பக்கம் வழிய வழிய. அன்றைக்கு வண்டி ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை.

வாங்காததற்குக் காரணம், அத்தா அதன் வயிற்றுக்குள் செருகி வைத்திருந்த சாமான்கள். பிந்திய மாடல் வோல்காவின் என்ஜின், எதிலிருந்தோ கழற்றிய பெரிய ரேடியேட்டர், கொரியன் காரின் மின்விசிறி, கம்பி போட்டு இறுக்கிய ரப்பர் குழாய்கள். பானெட்டைத் திறந்தால் பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கும். யாராவது சிரித்தால், "பொண்ணு உக்காரப்போறது சீட்டுலதான், பானெட்டுக்குள்ள இல்ல" என்பார்.

மன்சூருக்கு அதுதான் ஆகாது. தாஷ்கந்தில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருந்தான். ஒரு போல்ட்டின் தலைகூடத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும் அவனுக்கு. அத்தாவால் ஓட்ட முடியாமல் போனதும் வண்டியை எடுத்துப்போனான். அவர் செருகியதை எல்லாம் பிடுங்கி எறிந்தான். கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிரீஸ் தடவி அவர் போட்டு வைத்திருந்த பழைய என்ஜினைத் தேடி எடுத்து, பிரித்து, மெருகேற்றி மாட்டினான். ரேடியேட்டருக்கு முன்னால் தகரப் பட்டைகளால் ஆன ஒரு ஷட்டர் அந்தக் கால வண்டிகளில் உண்டு. ரஷ்யக் குளிரில் என்ஜின் உறையாமல் இருக்க உள்ளேயிருந்து இழுத்து மூடிக்கொள்வார்கள். வண்டி கைக்கு வந்த அன்றே அத்தா அதைப் பிடுங்கித் தகரக்காரனிடம் கொடுத்துவிட்டார். மன்சூர் ஊர் ஊராக அலைந்து வேறொன்றைப் பிடித்து, பெயின்ட் அடித்து மாட்டினான். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினான்.

அத்தாவும் கண்காட்சிக்கு வந்திருந்தார். புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, திறந்த பானெட் பக்கத்திலேயே சாயங்காலம்வரை நின்று, தொட வந்த பிள்ளைகளை விரட்டினார். பெருமைதான், யாராலும் மறுக்க முடியாது. ஹுர்ஷிதாகூட என்ஜினில் முகம் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தாள். திரும்பும்போதுதான் அத்தா கேட்டார், மலை ஏறுமா என்று. ஃபாக்டரியிலிருந்து வந்தபோது ஏறவில்லையா, ஏறும் என்றான் மன்சூர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் வண்டியைக் கேட்ட போதெல்லாம் ஏதோ ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒரு மாதம் சீட்டுத் துணி, ஒரு மாதம் கடிகாரம்.

வாடகைக் கார் ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்றான். மன்சூர் கையை ஆட்டி அனுப்பிவிட்டான். ஹுர்ஷிதாவும் தடுக்கவில்லை. அத்தா வண்டியைக் கேட்டிருக்கிறார், அவர் காதில் அந்தச் சத்தம் விழ வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது.

அந்தக் கார் வளைவில் மறைந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"ஹுர்ஷிதா, அத்தா போயிட்டாரு." ஹக்கிம் அழவில்லை. குரல் மட்டும் தட்டையாக இருந்தது. "குளிப்பாட்டப் போறாங்க. வெயில் தாங்காதுன்னு பெரியவங்க லுஹருக்கே எடுக்கச் சொல்லிட்டாங்க. எங்க இருக்கீங்க?"

"மலையில."

"இன்னுமா? சீக்கிரம் வாங்க. என்னால நிறுத்தி வைக்க முடியாது, தெரியும்ல."

தெரியும். இடுப்பில் துக்கத் துணியைக் கட்டி, கையில் கோலை ஊன்றி வாசலில் நிற்கும் மகனுக்கு அன்றைக்கு எந்த அதிகாரமும் கிடையாது. தெருப் பெரியவர்கள் சொல்வதுதான் நேரம். அவள் மன்சூரிடம் சொன்னாள். அவன் கேனைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான், ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றினான். பாதி வெளியே போயிற்று.

மதியம் லுஹர் தொழுகைக்கே என்றால் நேரமே இல்லை. மன்சூர் ஆண்பிள்ளை. பிந்தினாலும் நேரே கபர்ஸ்தானுக்குப் போகலாம், ஒரு பிடி மண் போடலாம். பெண்கள் வாசலைத் தாண்டிப் போவதில்லை. மையத்தை வீட்டைவிட்டு எடுத்துவிட்டால் அத்தாவின் முகம் அவளுக்கு இந்த ஜென்மத்தில் இல்லை.

சாலைக்கு நடுவே போய்க் கையை நீட்டினாள். நாலைந்து வண்டிகள் ஆள் நிறைந்து, நிற்காமல் போயின. ஒன்று நின்றது. ஒரே ஓர் இடம்.

"நீ போ" என்றான் மன்சூர். "நான் பின்னாலேயே வந்துடறேன்."

"எப்படி வருவீங்க? இது ஏறாது."

அவன் வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தான். குரோம் கிரில் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

"ஷட்டர் ஒட்டிக்கிச்சு. பெயின்ட்டு சூட்டுல இளகிப் பிடிச்சுக்கிச்சு. பாதிக்கு மேல திறக்க மாட்டேங்குது. காத்தே உள்ள போகல."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"அங்ரேன்ல."

அவள் அவனையே பார்த்தாள். வாடகைக் கார் டிரைவர் ஏறப்போகிறாயா இல்லையா என்று கேட்டான்.

"மேலேர்ந்து கைவிட முடியாது" என்று மன்சூர் வேகவேகமாகச் சொன்னான், யாரோ குற்றம் சாட்டியதுபோல. "முன்னால கிரில்ல உடைச்சாத்தான் ஷட்டரப் பிடுங்கலாம். அந்த கிரில் வேற எங்கயும் கிடைக்காது ஹுர்ஷிதா. மூணு வருஷம் தேடினேன்."

அப்படியே ஓங்கி அறைந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. காரின் கதவைத் திறந்தாள். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மன்சூர் டிக்கியிலிருந்து டயர் லிவரை எடுத்துக்கொண்டு வந்து கிரிலுக்கு முன் குந்தினான். கம்பிகளுக்கு இடையில் செருகினான். வெளியே எடுத்தான். தோதான இடம் பார்ப்பவன்போல வேறு இடத்தில் செருகினான். மறுபடி எடுத்தான். எங்கும் உடைக்கவில்லை. இவனை விட்டுப் போனால் சாயங்கால அஸர் தொழுகைவரை இப்படியே இடம் பார்த்துக்கொண்டிருப்பான். அண்ணன்மார் இரண்டு பேரில் ஒருவன் சந்தூக்குக்குத் தோள் கொடுக்கவில்லை என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும், இவனே தன்னை மன்னிக்கமாட்டான், சாகிறவரை.

எந்தக் கணத்தில் முடிவு செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. காலை வெளியே எடுத்துக் கதவைச் சாத்தினாள். கார் போய்விட்டது.

"ஏன்டி போகல?"

"குடுங்க இத." லிவரை அவன் கையிலிருந்து வாங்கிக் கிரிலின் நடுவில் ஆழமாகச் செருகினாள். "நீங்க இழுக்குறீங்களா, நான் இழுக்கட்டுமா?"

அவன் வாங்கிக்கொண்டான். முதல் இழுப்பில் கம்பிகள் வளைந்தன. இரண்டாவதில் ஒரு பக்கம் பிய்ந்து வந்தது. அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. காலை பம்பரில் ஊன்றி, பல்லைக் கடித்து, வெறும் கையால் தகரப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வெளிர்நீலத்தில் சொட்டியது. அழுதுகொண்டே பிடுங்கினான். தயிர் உருண்டைக்காரிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

வண்டி ஏறியது. முன்னால் ஓட்டை வாயோடு, இரைச்சலாக, ஆனால் ஏறியது. டனலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தபோது கீழே பள்ளத்தாக்கு வெயிலில் மங்கலாகக் கிடந்தது. சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. இவ்வளவுதானா என்று நினைக்க நினைக்க ஹுர்ஷிதாவுக்கு ஆத்திரம் பொங்கியது. இறக்கத்தில் மன்சூர் வாயைத் திறந்தான்.

"அத்தாவுக்கு நான் கிரில்..."

"பேசாதீங்க. ஓட்டுங்க."

அவள் ஹக்கிமுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். முதலில் யாரோ எடுத்து, கபன் துணி சுற்றியாகிவிட்டது என்றார்கள். பிறகு அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது கடைவீதியில் லுஹர் முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவள் போனை மடியில் வைத்துவிட்டாள்.

வாய்க்கால் பாலத்தருகே எதிரே தெரிந்தது. தொப்பிகளும் நீண்ட அங்கிகளுமாகக் கூட்டம், அதற்கு மேலே சந்தூக்கு, தோள் விட்டுத் தோள் மாறி, ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தது. சாலையில் போனவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்து நாலு அடி சுமந்துவிட்டு விலகினார்கள். முன்னால் ஹக்கிம். இவர்கள் வண்டியைப் பார்த்தான். நிற்கவில்லை, அவன் நிற்கவும் முடியாது.

மன்சூர் நட்டநடுச் சாலையில் வண்டியைப் போட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான். யாரோ தோள் விலக்கி இடம் கொடுத்தார்கள். கிழிந்த கையோடு சந்தூக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். அத்தா அவளைத் தாண்டிப் போனார். கண்ணாடிக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், மேலே போர்த்திய பச்சைத் துணிதான் தெரிந்தது. கூட்டம் பாலத்தை ஒட்டிய கபர்ஸ்தான் சாலையில் திரும்பியது.

வீடு மூன்று தெரு தள்ளி. அங்கே பெண்கள் இவளுக்காகக் காத்திருப்பார்கள். இவளைக் கண்டதும் ஒப்பாரி மறுபடி எழும். போக வேண்டிய இடம் அதுதான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஹுர்ஷிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தாள். இந்த வண்டியில்தான் அத்தா அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஸ்டியரிங்கை ஒட்டிய கியரை ஒன்றில் போட்டு, வண்டியைத் திருப்பி, ஆட்கள் நடக்கிற வேகத்தில் பின்னால் உருட்டினாள். கடைசி வரிசையில் போன கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னே பார்த்து நடந்தார். அவருக்குப் பின் இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

நடை வேகத்தில் காற்று கிடைக்காது. முள் ஏறத் தொடங்கியது, நடுவைத் தாண்டியது, சிவப்பைத் தொட்டது. இதற்கு மேல் ஓட்டினால் என்ஜின் இறுகிவிடும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. முன்னால் ஓட்டையிலிருந்து ஆவி கிளம்பி பானெட்டின்மேல் புரண்டு வந்து கண்ணாடியை மூடியது. கூட்டம் தெரியவில்லை, சந்தூக்கும் தெரியவில்லை. ஹுர்ஷிதா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, சாலையைப் பார்த்து ஓட்டினாள்.