ஏழாவது குறிப்பு

கடைக்குட்டி தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்துவந்த அந்த முகம் தெரியாத தாயார், அவனைப் பெற்ற அம்மாதான். அவனை அனுப்பிவைத்த மிஷனரி நிறுவனத்தின் செயலாளருக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தெரியும். அவனோடு ஒரே அறையில் படுத்தெழுந்த அண்ணனுக்கும் தெரியும். தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

கடைக்குட்டி என்பது நிறுவனத்தில் வைத்த பெயர். வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட இருபத்து மூன்று மிஷனரிகளில் அவன்தான் வயதில் சின்னவன். இருபத்து நான்கு இன்னும் முடியவில்லை. வீட்டிலோ ஒற்றைப் பிள்ளை, அங்கே மூத்தவனும் கடைசியும் அவனே. மொழி படிக்க வந்த மாணவன் என்ற அனுமதிச் சீட்டில் அந்த நாட்டுக்குள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் என்று அவன் கூப்பிட்ட மூத்த மிஷனரிதான் அவனுக்குச் சமையல், கடைத்தெரு, பேரம், பாஷை எல்லாம். காலை ஆறு மணிக்கு ஒரு தையல்கடையின் பின்னறையில் ஏழெட்டுப் பேர் ஜெபத்துக்குக் கூடுவார்கள். துணி மூட்டைகள்தான் நாற்காலி.

சனிக்கிழமை தோறும் விடியும்போது கைபேசியில் ஜெபக்குறிப்பு வந்து விழும். இருபத்து மூன்று பேருக்கும் ஒரே குறிப்பு. பாதுகாப்புக்காக அதில் ஊழியர் பெயரும் இருக்காது, நாட்டின் பெயரும் இருக்காது. யாரைப் பற்றியது என்று கேட்கவும் கூடாது. பயிற்சிப் பள்ளியிலேயே இதை மண்டையில் ஏற்றித்தான் அனுப்புவார்கள். எண் போட்ட அந்தப் பட்டியலில், ஒரு சனிக்கிழமை, ஏழாவது குறிப்பு இப்படி இருந்தது: "கடல் கடந்து ஊழியம் செய்யும் நம் சகோதரர் ஒருவரின் தாயார் கடும் நோயில் இருக்கிறார். தாயார் பூரண சுகம் பெறவும், சகோதரர் ஊழியத்தில் உறுதியாய் நிலைத்திருக்கவும் ஜெபிப்போம்."

முதல் தடவை படித்தபோது கடைக்குட்டி சூள் கொட்டினான். "பாவம்ணா, யாரோ" என்றான். அண்ணன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

இந்த ஏற்பாடு முழுக்க அம்மாவுடையது. வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்ன மறுநாளே, மருத்துவமனைக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறித் தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டாள். செயலாளர் பதறிப்போய், "இன்னைக்கே தம்பிக்குப் போன் பண்ணிடுறேம்மா" என்றார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன், பண்ணாதீங்க. சொன்னா மறுநிமிஷம் பெட்டியக் கட்டிடுவான். ஒரு வருஷம் முடியறதுக்குள்ள கெளம்பினா திரும்பி உள்ள விடமாட்டாங்களாமே, நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்காக, பெத்த தாய்க்கு இப்படின்னு தெரியாம..."

"குறிப்புல போடுங்க பிரதர். பேரில்லாம போடுங்க. வழக்கமா போடுற மாதிரிதானே? எம்புள்ள வாயால எனக்காக தினம் ஒரு ஜெபம். அது போதும் எனக்கு."

என்னைக் கேட்டால் இதற்குத் தியாகம் என்று பெயரில்லை, சுத்தப் பிடிவாதம். ஆனால் அந்தம்மா யாரையும் கேட்கவில்லை. மின்வாரியத்தில் லைன்மேன் வேலை பார்த்த அப்பா, மழையிலும் காற்றிலும் கம்பத்தில் ஏறினவர், அவள் முன்னால் வாயைத் திறக்க முடியாமல் தலையை ஆட்டிவிட்டார். செயலாளரும் ஆட்டினார். அண்ணனுக்கு அவளே போன் பண்ணி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அங்கே ஆறு மணி என்றால் வீட்டில் எட்டரை. எட்டரை ஆனதும் அம்மா ரேடியோவை அணைக்கச் சொல்வாள். எவ்வளவு வலித்தாலும் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்காருவாள். "இப்பத்தான் பண்ணிட்டிருப்பான்" என்பாள். அரைமணி நேரம் வீட்டில் ஒரு சத்தம் இருக்கக் கூடாது. முடிந்ததும் மாத்திரை போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோடு பேச்சு. "வீடியோவெல்லாம் வேணாம்டா, நெட்டு தீர்ந்துடும்" என்பாள். தலைமுடி கொட்டிப் போனதை அவனுக்குக் காட்ட மனசில்லை. குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால், சளி என்று ஒரே வார்த்தை. மூன்று மாதம் நீடிக்கிற சளி எந்த ஊரில் இருக்கிறது? பிள்ளைகள் இதையெல்லாம் யோசிக்கமாட்டார்கள். அம்மா சொன்னால் சளிதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கப் போன அண்ணன் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார். "புதுப்பிக்க மாட்டாங்களாம். வியாழக்கிழமைக்குள்ள நாட்டை விட்டுப் போகணும்னு முத்திரை குத்திட்டாங்க."

"ஏன்ணா?"

"ஏன்னு கேட்டா பதில் சொல்ற ஆபீஸா அது?"

ஆறு வருஷ வாழ்க்கையை அண்ணன் ஒரே பையில் அடைத்தார். வியாழக்கிழமை காலை விமான நிலையத்து வாசலில் கடைக்குட்டியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். சத்தியம் செய்த வாய். "எதை விட்டாலும் ஏழாவது குறிப்பை விட்றாதடா" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். போகிற அவசரத்தில் இதென்ன புத்திமதி என்று அவனுக்குப் பட்டது.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் வந்து நின்றார். வாடகைப் பத்திரம் அண்ணன் பெயரில் இருக்கிறது, சனிக்கிழமை காலி பண்ணு என்றார். மொழிப் பள்ளியில், உத்தரவாதம் கொடுத்தவர் போய்விட்டதால் புது உத்தரவாதக் கடிதம் கொண்டுவா என்றார்கள். அதை வாங்க இன்னோர் அலுவலகம். அங்கே காலை நாலரை மணிக்கே வரிசையில் நின்றால்தான் சீட்டு கிடைக்கும். நின்றான். சன்னலுக்கு உள்ளே இருந்தவன் ஒரு நாள் புகைப்படம் சின்னதாக இருக்கிறது என்றான், மறுநாள் பெரிதாக இருக்கிறது என்றான். ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் நான்கு பேர் பயந்துபோய் எதிரே பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பெட்டியும் படுக்கையும் தையல்கடைப் பின்னறைக்கே வந்து சேர்ந்தன. சமைக்கத் தெரியாமல், கையில் இருந்த ஒரே பாத்திரத்தையும் தீய்த்தான். அதைச் சுரண்டிக்கொண்டே ஒரு பாட்டம் அழுதான்.

அந்தப் பதினோரு நாளும் அவன் குறிப்பைத் திறக்கவே இல்லை. வரிசையில் நின்றபடியே, "ஆண்டவரே, எல்லாரையும் பார்த்துக்கொள்ளும், ஆமென்" என்று மொத்தமாக முடித்துக்கொண்டான். அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நடுக்கடலில் கைவிட்ட மாதிரி இருந்தவன், யாரோ ஒருவருடைய தாயாரை எங்கே நினைப்பான்?

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அம்மாவின் குரல் மிகவும் கீழே இறங்கியிருந்தது.

"அண்ணன் போயிட்டாராமேடா. எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேம்மா. எல்லாம் சமாளிக்கிறேன்."

"காலையில ஜெபமெல்லாம் நடக்குதா?"

"நடக்குதும்மா."

"குறிப்பைப் பார்த்துத்தானே பண்றே? ஒண்ணொண்ணா?"

"ஒண்ணொண்ணாத்தாம்மா."

சாப்பிடாமலேயே சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்வோமே, அந்த ரகப் பொய்தான். அவள் "சரிப்பா" என்றாள். குரலில் ஒரு நிம்மதி வந்தது அவனுக்கே கேட்டது.

பன்னிரண்டாவது நாள் உத்தரவாதக் கடிதம் கிடைத்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மிச்சமிருந்த மூன்று பேரும் துணி மூட்டைகளில் வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கடைக்குச் சொந்தக்காரி, தையல்கார அக்கா. கத்தரிக்கோலுக்கு வாய் முளைத்த மாதிரி பேசுகிறவள். அவள் பாஷையில் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஏழாவது நம்பர் அம்மா எப்படி இருக்காங்க தம்பி?"

அவனுக்குச் சுருக்கென்றது. "இந்த வாரக் குறிப்பை... நான் இன்னும் பார்க்கலைக்கா."

"நான் விடாம பண்ணிட்டிருக்கேன். மெஷினை மிதிச்சுக்கிட்டே பண்றேன். யாரு அவங்க? எந்த ஊரு? மொகமே தெரியாம எத்தனை நாளைக்குப் பண்றது?"

"கேக்கக் கூடாதுக்கா. சட்டம்."

"உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் அம்மா இல்லையா? எங்கம்மா போன நேரத்துல நான் இதே கடையில உக்காந்து எவனோ ஒருத்தன் சட்டைக்குப் பட்டன் தைச்சிட்டிருந்தேன். அந்தப் புள்ளைக்காவது சொல்லியிருக்காங்களா? கேளு தம்பி."

கேட்பதா வேண்டாமா என்று அரை நாள் தவித்துவிட்டு, செயலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினான்: "ஏழாவது குறிப்பில் உள்ள தாயார் எப்படி இருக்கிறார்கள்?" யாருடைய தாயார் என்று கேட்கவில்லை. சட்டத்தை மீறாமல் அதன் ஓரத்தில் நின்றான். அந்தப் பக்கம் அவர் எழுதுவதும் நிறுத்துவதும் எழுதுவதுமாகக் கைபேசியில் தெரிந்தது. கடைசியில் வந்தது இரண்டே வார்த்தை: "தொடர்ந்து ஜெபியுங்கள்."

அன்றிலிருந்து அவன் விடவில்லை. விட்டதற்கெல்லாம் சேர்த்துவைத்து ஜெபித்தான், முட்டி போட்டு ஜெபித்தான். ஜெபித்து முடித்துவிட்டு, நல்லவேளை நம்ம அம்மாவுக்கு வெறும் சளிதான் என்று ஸ்தோத்திரமும் சொன்னான்.

அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை. குறிப்பு வந்திருந்தது. மூன்று பேருக்கும் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவன் ஏழாவதில் நின்றான்: "நாம் ஜெபித்துவந்த தாயார் நேற்று மாலை கர்த்தருடைய மகிமைக்குள் பிரவேசித்தார். சகோதரரின் ஆறுதலுக்காக ஜெபிப்போம்."

திருத்தி எழுதியது அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண். அது யாருடைய தாயார் என்று அவளுக்கும் தெரியாது. ரகசியம் அவ்வளவு பத்திரம். செயலாளர் சாவு வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் "ஏழாவதை மாத்திடும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளையிடம் விடிந்ததும் சொல்லலாம், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதமாகச் சொல்லலாம் என்று நினைத்தார். காலையில் குறிப்பு அவருக்கு முந்திக்கொண்டு போய்விடும் என்பது அந்த நல்ல மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

தையல்கார அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். கடைக்குட்டி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தெரிந்த அரைகுறை பாஷையில் தேற்றினான். "அழாதீங்கக்கா. இனிமே அவங்களுக்கு வலி இல்ல." பிறகு அந்தச் சகோதரனுக்காக ஜெபித்தான். முன்பின் தெரியாத அந்தப் பிள்ளையின் தனிமையை, பக்கத்தில் இருக்க முடியாமல் போன தவிப்பை எல்லாம் சொல்லிச் சொல்லி ஜெபித்தான். இவ்வளவு நன்றாக அந்தப் பாஷையில் அவன் ஜெபித்ததே இல்லை. அக்காகூட அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் போன் அடித்தது. செயலாளர்.

"தம்பி..." என்று ஆரம்பித்தார்.

இவனே முந்திக்கொண்டான். "பார்த்துட்டேன் பிரதர். ஏழாவது குறிப்புதானே? இப்பத்தான் எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணினோம். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இனிமே கேட்டா தப்பில்லையே? யாரோட அம்மா பிரதர்?"

செயலாளருக்குப் பின்னால் நிறையப் பேர் மெதுவாகப் பேசுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், ஒரு பெண்ணின் அழுகை. அது சித்தியின் குரல். சித்தி எதற்குச் செயலாளர் பக்கத்தில் இருக்கிறாள் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் போன் கைமாறியது.

"டேய்" என்றார் அப்பா.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அக்கா ஓடிவந்து பிடித்தாள். என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அப்பா அழாமல் பேசினார். அழுதால் நடுவில் நின்றுவிடும் என்று பயந்தவர் மாதிரி மூச்சுவிடாமல் சொன்னார். அலுவலகத்துக்கு அவள் போனதை, பேரில்லாமல் போடச் சொன்னதை, எட்டரை மணி ஆனால் ரேடியோவை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை. "சொல்லக் கூடாதுன்னுட்டாடா. என் பேச்சை எங்க கேட்டா அவ? உன் ஜெபம் வந்து சேருதுன்னுவா. முடிஞ்சதும் வலி கொஞ்சம் அடங்குதுன்னுவா."

"அப்பா..."

"நடுவுல ஒரு பத்துப் பதினஞ்சு நாள் ரொம்பத் துடிச்சுப்போனா. எட்டரைக்கு உக்காருவா, உக்காரவே முடியாது. 'என்னங்க, இவன் இப்பல்லாம் பண்றதில்லையோ, மறந்துட்டானோ'ன்னு என்னையே கேட்டா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. 'அவனா மறப்பான்? உங்கிட்டயே சொன்னான்ல, ஒண்ணொண்ணாப் பண்றேன்னு'ன்னு சத்தம் போட்டேன். அப்புறம் அதைப் பத்திக் கேக்கவே இல்ல." இப்போதுதான் அப்பாவின் குரல் உடைந்தது. "கடைசில அவகிட்ட சத்தம் போட்டது அது ஒண்ணுதான்டா. நான் சொன்னது சரிதானே? நீ விட்டிருக்க மாட்டேல்ல?"

ஊழியத்துக்குப் புறப்பட்ட நாளில், உண்மையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று முழங்காலில் நின்று கைதூக்கிச் சொல்லிவிட்டு வந்தவன் கடைக்குட்டி. அப்பா அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

"சரிதாம்பா" என்றான். "ஒரு நாள்கூட விடல."