மூத்தாள் பொட்டு

சமாதித் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தள்ளும்போதே கோமளவல்லியின் கை இடுப்புக்குப் போனது. சுருக்குப்பை இருந்தது. அதற்குள், மஞ்சள் துணியில் முடிந்த தங்கப் பொட்டும் இருந்தது. வழியில் எங்காவது தொலைந்துபோயிருந்தால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. தொலைந்ததைக் கொடு என்று யாரும் கேட்க முடியாதல்லவா.

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி போகும் சாலையில், தறிச் சத்தம் அடங்கிக் கரும்புத் தோட்டம் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தத் தோட்டம். இறந்தவர்களைப் புதைக்கிற நெசவுக் குடும்பங்கள் சில சேர்ந்து எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்டது. சமாதிக்கு ஒரு மரம் என்பது அவர்கள் வழக்கம். தலைமுறை தலைமுறையாக நட்டதில் மகிழம், நாகலிங்கம், புங்கன் என்று வானமே தெரியாமல் கூடி நின்றன. நடுவே ஒரு கிணறு, கூட்டி வைத்த மண்பாதை, உட்காரக் கல்பலகை. விவரம் தெரியாதவர்கள் யாரோ ஜமீன்தாரின் பூங்கா என்று நிழலுக்கு ஒதுங்குவார்கள். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நாலு வாய் போட்ட பிறகுதான், சாய்ந்திருப்பது யாருடைய பாட்டன்மீதோ என்று தெரிந்து அலறிக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

கல்யாணமான மூன்றாம் நாள் நாகேந்திரன் அவளை இங்கேதான் கூட்டி வந்தார். மற்றப் பெண்களைப் புருஷன்மார் டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போனார்கள். இவளுக்குக் கிடைத்தது இது. ஓர் இளம் மகிழமரத்தடியில் நின்று, "சந்திரா, இவ கோமளவல்லி," என்றார். மூத்த மனைவியிடம் அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அன்றைக்குக் கோமளவல்லிக்கு வயிறெரிந்தது. முகம்கூடத் தெரியாத ஒருத்திக்கு இவள் பூப்போட வேண்டியிருந்தது. போதாததற்கு அவள் பெயரில் ஒரு தங்கப் பொட்டை இவள் தாலியோடு சேர்த்துக் கோத்திருந்தார்கள். இளையாளாக வருகிறவள் மூத்தாளைக் கழுத்தில் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் முறை.

ஆனால் வருஷா வருஷம் மாசியில் சந்திராவின் திதிக்கு வந்து வந்து, அந்த எரிச்சல் எப்போது தணிந்தது என்று அவளுக்கே தெரியாது. பிறகு புருஷனைப் பற்றிக் குறை சொல்ல இந்த மரத்தடி போல ஓர் இடம் வாய்க்கவில்லை. "இன்னும் மூக்குப்பொடி போட்டுகினுதான் கீறாரு உன் ஊட்டுக்காரரு," என்பாள். கேட்பவளுக்கும் தெரிந்த சங்கதி. இரண்டு பேருமாகச் சிரித்தது போல இருக்கும்.

அந்தப் பொட்டு இன்னொன்றும் கொடுத்தது. தாயும் தகப்பனும் இல்லாமல் சித்தப்பன் வீட்டில் வளர்ந்தவள் கோமளவல்லி. மூத்தாள் பொட்டைக் கட்டிக்கொண்டவள் மூத்தாள் வீட்டுக்கும் பெண். சந்திராவின் அண்ணன் வீரபத்திரன் திருத்தணியிலிருந்து ஆடிக் கிருத்திகைக்கு நேரில் வந்து அழைப்பார். புடவையும் வளையலும் தருவார். மலையேறிக் காவடி பார்த்துவிட்டு அவர் வீட்டுப் பந்தியில் உட்காரும்போது, எனக்கும் பிறந்த வீடு இருக்கிறது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

போன வைகாசியில் நாகேந்திரன் போனார். பத்தாம் நாள் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுத அழுகையில் தாலிக்கயிற்றை அறுத்துப் பாலில் போட்டார்கள். தாலியோடு சந்திராவின் பொட்டும் போய்விட்டது. சுமங்கலியாகச் செத்தவளை, செத்து இத்தனை காலம் கழித்து விதவையாக்கிவிட்டோம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கோமளவல்லிக்குத் தோன்றியது, வாய்தான் வரவில்லை. பிறகு பாலிலிருந்து பொட்டை மட்டும் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துவைத்தாள். துக்க வருஷம் என்று ஆடிக்குத் திருத்தணி போகவில்லை. வீரபத்திரனும் வரவில்லை. இப்போது திடீரென்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்: சந்திரா திதிக்குத் தோட்டத்துக்கு வா, பொட்டை எடுத்துக்கொண்டு வா.

வாங்கிக்கொள்ளத்தான். வேறு எதற்கு? அதோடு பிறந்த வீடும் முடிந்தது.

அவர் முன்பே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். பக்கத்தில் நாகேந்திரனின் புது மேடையில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை.

"வாம்மா கோமளா. எடுத்துகினு வந்தியா?"

"ஆங், கீதுண்ணா."

நீட்டினாள். அவர் துணியைப் பிரித்துப் பொட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பால்ல போட்டாங்களாமே. போன வாரந்தான் உங்கண்ணி சொன்னா. எனக்கு சோறு எறங்கல. எந்தங்கச்சி பூவும் பொட்டுமா போனவ."

"நான் சொல்லியிருக்கணும்ண்ணா. சொல்லத் தெரியல."

அவர் மடியிலிருந்து மஞ்சள் தேய்த்த புதுக்கயிற்றை எடுத்து, பொட்டைக் கோத்து, மகிழமரத்தின் அடியில் ஒருமுறை வைத்து எடுத்தார். அப்படியே அவளிடம் நீட்டினார்.

"உந்தாலி உம்புருஷனோட போச்சு. இது அவளுது. கட்டிக்கோ."

கோமளவல்லி வாங்கவில்லை. "அறுத்த கழுத்துல மஞ்சக்கயிறு ஏறிச்சுன்னா ஊரு காறித் துப்பும்ண்ணா."

"துப்பும்," என்றார் வீரபத்திரன். "நான் இன்னா பண்றது? வர்ற ஆடிக்கு வந்து கூப்புடுவேன். தனியா வராத. அவளையும் கூட்டிகினு வா."

அவள் அழுதாள். புருஷன் போன அன்றுகூட அப்படி அழுததில்லை. அழுதுகொண்டே கயிற்றை வாங்கிக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். தறியில் அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே முடிச்சுப்போட்டுப் பழகிய விரல்கள் அவை. இன்றைக்கு முடிச்சு விழ நேரமாயிற்று. மரத்திலிருந்து இரண்டு பூ அவள் தோளில் விழுந்து உருண்டது.

இருவரும் கதவைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது, கரும்பு வண்டி ஒன்று திருவாலங்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தார்கள். கோமளவல்லியின் கை முந்தானையை இழுத்து மூடப் போனது. பாதியில் நின்றது. விரல் நுனியெல்லாம் மஞ்சள் ஒட்டியிருந்தது.