மூன்றரை மணிச் சாப்பாடு

தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் குடும்பங்கள் கொடைக்கானல் பக்கத்துப் பள்ளங்கியில் பல உண்டு. ஆனால் நாற்பத்தெட்டு நாளும் பால், பழம்கூடத் தொடாமல் ஒருவேளைச் சோற்றோடு இருப்பது தங்கமுத்து வீட்டில் மட்டும்தான். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அது ஒருமுறையும் முறிந்ததில்லை. ஊரில் அந்த வீட்டின் பேரே அதுதான்.

இந்த வருடத்து நேர்த்தி மகள் தேவசேனாவுக்காக. பதின்மூன்று வயது. கொடைக்கானலில் படித்தாள், பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ். தை மாதம் திண்டுக்கல்லில் மாநில அணிக்குத் தேர்வு. அவள் தேறினால் மயில் காவடி என்று வேண்டிக்கொண்டார் தங்கமுத்து. யாருக்காக வேண்டுகிறார்களோ அவர்களும் விரதம் இருக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். மற்றவர்களுக்குப் பூசை முடிந்து மத்தியானச் சோறு. அவளோ அப்போது பள்ளியில் இருப்பாள். அதனால் அவள் சாப்பாடு ராத்திரி ஏழரைக்குப் போனது. காலை ஆறே முக்காலுக்கு பஸ், நாலு முதல் ஆறுவரை பயிற்சி. எல்லாம் வெறும் வயிற்றோடு.

பன்னிரண்டாம் நாள் பயிற்சி ஆசிரியை ஆக்ஸிலியா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சார், மத்தியானம் சோறு பருப்பு. மூன்றரைக்கு ரெண்டு பழம், ஒரு கை அவிச்ச கடலை. ப்ராக்டிஸ் முடிஞ்சதும் பால். முட்டைகூட கேக்கலை."

"எங்க வீட்டு அடுப்புக்கு நீங்க பீரியடு போடுறீகளோ, டீச்சர்?"

"காத்துல குட்டிக்கரணம் போடுற புள்ளைக்குக் காத்தையே சாப்பாடாக் குடுக்க முடியாது சார்."

"ஏன், உங்க மாதா கோயில்லயும் நாப்பது நாள் தவசு இருக்குல்ல?"

"இருக்கு. புள்ளைகளுக்குக் கெடையாது."

தங்கமுத்து எழுந்து நின்றார். "காப்பி குடிச்சிட்டுப் பொறப்படுங்க."

அதன்பின் ஒரு வாரம் மனைவி ஜோதிமணி மகளின் பென்சில் டப்பாவில் எள்ளுருண்டை வைத்து அனுப்பினாள். அதையும் அவர் கண்டுபிடித்தார்.

"ஏண்டி, மூணு தலைமுறை காத்த பேர டப்பாக்குள்ள போட்டு அனுப்புறியா?"

"பேரு வயித்துல போயி விழுமாங்க? புள்ள கண்ணு உள்ள கெடக்கு, பாருங்க!"

அவர் மகள் பக்கம் திரும்பினார். சூடம் ஏற்றினார்.

"சத்தியமாத் திங்க மாட்டேம்ப்பா" என்றாள் தேவசேனா.

அவள் அவருடைய மகள். சொன்ன சொல்லைக் காத்தாள். மூன்றரை மணிக்கு ஆக்ஸிலியா பழத்தை நீட்டும்போதெல்லாம், "பசிக்கலை மிஸ்" என்றாள்.

தேர்வு முப்பத்தொன்பதாம் நாள் வந்தது. தரைப் பயிற்சியை எப்படியோ முடித்தாள். அடுத்தது பீம், ஒரு சாண் அகலம்கூட இல்லாத உயரக் கட்டை. அதன் நடுவில் நின்றபோதே அவள் தொடை நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. பின்பக்கமாக வளைந்தாள். கை கட்டையைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் இடது முழங்கைக்கு மாவுக்கட்டுப் போட்டு முடித்த டாக்டர், "மயக்கம் வந்து விழுந்த மாதிரி இருக்கே. காலையில என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.

"நாலு இட்லி" என்றார் தங்கமுத்து.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஆக்ஸிலியா அவரை வெறித்துப் பார்த்தாள். ஆனால் கட்டிலிலிருந்து மகள் முந்திக்கொண்டாள்.

"ஆமா டாக்டர். நாலு இட்லி. சட்னியோட."

டாக்டர் போய்விட்டார். ஆக்ஸிலியா வெளியே போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கிவந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள். தேவசேனா அதைத் தொடவில்லை. தகப்பனைப் பார்த்தாள்.

"செலக்‌ஷன்தான் போயிருச்சே. இனிச் சாப்பிடலாமாப்பா?"

மூன்று தலைமுறையாக யாரும் அந்த வீட்டில் அப்படிக் கேட்டதில்லை. 'சாப்பிடு ஆத்தா' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "ம்" என்று மட்டும் வந்தது.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படாதபடி, ஒற்றைக் கையால் அள்ளி அள்ளித் தின்றாள்.